போக்ஸ் கம்பி

கோவையில் ஞாயிறு விடியற்காலைகளில் எம்டிபி எனும் மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதுக்கரைப் பக்கத்து மண்பாதைகளில் சுற்றுகிற நண்பர் ஒருவர், தன் பின்சக்கரத்தைக் காட்டினார். டயரில் சீமைக் கருவேல முள் ஒன்று ஒடிந்து நின்றது. அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. காற்று இறங்கவே இல்லை. “உள்ளே டியூபே கிடையாது. பாலக்காடு ரோட்டுல ஒரு அண்ணன் மாத்திக் கொடுத்தார். அவர் வேலை செய்யறதை நீங்க ஒரு தடவை பார்க்கணும்” என்றார்.

முன்சக்கரம் இன்னும் பாக்கி இருந்தது. அதை மாற்றப் போன நாளில் நானும் கூடப் போனேன்.

தகரக் கூரை போட்ட கடை. வாசலில் பள்ளிப் பிள்ளைகளின் அரசு மிதிவண்டிகள் செயின் தொங்கிக் கிடந்தன. உள்ளே கொக்கியில் லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள கார்பன் சைக்கிள் ஒன்று தொங்கியது. இரண்டையும் தொடுவது ஒரே கை. கடைக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் பிரேக்கைச் சரிசெய்து அனுப்பினார். “அவனுக்கு பெல் அடிச்சிருமுங்க” என்றார்.

டியூப் போட்ட எம்டிபிக்கு இரண்டு எமன்கள். ஒன்று முள். மற்றது கல். கல்லில் வேகமாக ஏறும்போது டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் சிக்கி, பாம்பு கொத்தியது போல இரண்டு ஓட்டை விழும். அதற்குப் பயந்து காற்றை முப்பத்தைந்து, நாற்பது பிஎஸ்ஐ என்று இறுக்கி வைத்தால் சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் துள்ளும். டியூபை எடுத்துவிட்டால் சிக்குவதற்கு ஒன்றுமில்லை. இருபத்திரண்டு, இருபத்தைந்தில் ஓட்டலாம். டயர் கல்லை அணைத்துக்கொண்டு ஏறும். முள் குத்தினால் உள்ளே ஊற்றிய ரப்பர் பால் ஓட்டை வழியே பீறிட்டு, அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

டன்லப் தன் மகனின் வண்டிக்குக் காற்றுச் சக்கரம் செய்து 1888இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து நூறாண்டுக்கு மேல் சைக்கிள் என்றால் டியூப் என்றுதான் இருந்தது. 1999இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் மிச்செலின், ஹட்சின்சன் ஆகிய நிறுவனங்களுடன் சேர்ந்து டியூப் இல்லாத மலைச் சைக்கிள் சக்கரத்தைக் கொண்டுவந்தது. பிறகு அமெரிக்காவில் ஸ்டான் என்பவர் சாதாரண ரிம்மிலேயே டேப் ஒட்டி, ரப்பர் பால் ஊற்றி ஓட்டலாம் என்று காட்டினார். அமெரிக்க மேற்கில் சைக்கிள்காரர்களை அழவைக்கும் முள் எது என்று தேடிப் பார்த்தால் நம்மூர் நெருஞ்சி. அதே செடி.

சக்கரத்தைக் கழற்றி டயரைப் பிரித்ததும் கடைக்காரர் செய்த முதல் காரியம், ரிம்முக்குள் விரலை விட்டுத் தடவியது. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரலாலேயே முழு வட்டத்தையும் படித்தார். டியூப்லெஸ்ஸுக்கென்று செய்த ரிம்மில், டயரின் ஓரம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன வரப்பு ஒன்று இருக்கும். ஓரம் அந்த வரப்பைத் தாண்டி ஏறி உட்கார்ந்துவிட்டால் பிறகு எளிதில் உள்ளே சரியாது. வரப்பு இல்லாத ரிம்மாக இருந்தால் இவர் வேலையை எடுப்பதில்லை. அன்றைக்கே ஒரு கல்லூரி மாணவர் அப்படிப்பட்ட ரிம்மோடு, இணையத்தில் வாங்கிய பால் பாட்டிலும் வால்வுமாக வந்து நின்றார். “டேப்பை ரெண்டு சுத்து சேர்த்துப் போட்டுக் கொடுங்கண்ணா, பரவாயில்ல” என்று கெஞ்சினார். “இறக்கத்துல டயர் கழண்டா விழறது நீ தம்பி, நான் இல்ல. டியூபோடயே ஓட்டு” என்று திருப்பி அனுப்பினார். கூலி கைக்கு வந்து போனதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து கோட்டம் எடுத்தார். கம்பிகளை இறுக்கும் நிப்பிள்களை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டு வெகுநேரம் போனது. அதை விட்டுவிடுகிறேன். ஏனென்றால் வேலையின் உயிர் டேப்பில் இருக்கிறது.

ரிம்மின் அடிப்பள்ளம் முழுக்கப் போக்ஸ் கம்பி ஏறும் ஓட்டைகள். அவற்றை மூடினால்தான் காற்று நிற்கும். ஸ்பிரிட் நனைத்த துணியால் பள்ளத்தைத் துடைத்தார். பிறகு கையை லுங்கியில் துடைக்காமல் தனியே வைத்திருந்த ஒரு வெள்ளைத் துணியில் துடைத்தார். டேப், ரிம்மின் உள்ளகலத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் அகலம் கூடுதல். வால்வு ஓட்டைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கினார். ஒரு கை டேப் உருளையைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. மறு கையின் கட்டைவிரல் பள்ளத்தில் அழுத்திக்கொண்டே நகர்கிறது. இழுவை குறைந்தால் டேப்புக்கு அடியில் காற்றுக் குமிழி நிற்கும். கூடினால் டேப் சுருங்கி ஓரம் திறந்துவிடும். சுற்றி வந்து வால்வு ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் மேலேறி முடித்தார். எங்கும் ஒரு சுருக்கமில்லை.

“இதுல ஒரு முடி அளவு தூக்கி இருந்தாப் போதுமுங்க. காத்து அடியில பூந்து, எங்கயோ ஒரு நிப்பிள் வழியா வரும். அங்கதான் லீக்னு நினைச்சு அங்கயே நோண்டிட்டு இருப்பாங்க. வாசல் ஒரு பக்கம், திருடன் இன்னொரு பக்கம்.”

வால்வுக்கு ஓட்டை போட வேண்டும். இங்கேதான் அந்தக் கருவி வெளியே வந்தது. பழைய போக்ஸ் கம்பி ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, முனையைத் தீட்டி, கொய்யாக் கட்டையில் சொருகிய குத்தூசி. கட்டை கைபட்டுக் கைபட்டுக் கறுத்து வழவழத்திருந்தது. மெழுகுவத்தியில் முனையைக் காட்டி, சூடேறியதும் டேப்பில் வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். டேப் உருகி வட்டமாக விலகியது. கத்தியால் கீறினால் அந்தக் கீறல் காற்றின் அழுத்தத்தில் கிழிந்துகொண்டே போகும். உருகிய விளிம்பு தடித்து நிற்பதால் கிழியாது.

குத்தூசி அவருடைய அப்பா செய்தது. அப்பா மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்டவர். அந்தக் கம்பி வாடகை ஹெர்குலிஸ் ஒன்றின் பின்சக்கரத்திலிருந்து வந்தது. தோல் சீட்டுக்கு ஓட்டை போடுவதற்காகச் செய்திருக்கிறார். வீட்டுக்கு வீடு மொபெட் வந்ததும் வாடகை நோட்டு மூடப்பட்டது. மகன் பத்தாவதோடு நூல் மில்லுக்குப் போனார். மில் மூடியதும் திரும்பி வந்து, அப்பாவின் பெட்டியைத் திறந்து பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தார். டியூப்லெஸ்ஸை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. காற்று நிற்கவில்லை என்று யாரோ கொண்டுவந்த சக்கரத்தைப் பிரித்து, ஒட்டியிருந்த டேப்பை உரித்து உரித்து, முன்பு ஒட்டியவர் எங்கே விட்டார் என்று பார்த்துத் தானே கற்றுக்கொண்டது.

அதன் பிறகு வேலை சரசரவென்று நடந்தது. வால்வைக் கையாலேயே இறுக்கினார், கட்டிங் பிளேயர் படவில்லை. டயரை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்முள்ளைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரசர் காற்றை ஒரே மூச்சாகத் திறந்தார். டயர் புடைத்து, ‘டப்’ ‘டப்’பென்று ஓரங்கள் வரப்பேறி உட்கார்ந்தன. பக்கவாட்டில் இருக்கும் மெல்லிய கோடு, ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். காற்றை இறக்கி, வால்வு வழியாகவே ஊசிக் குழலால் நூறு மில்லி பால் ஏற்றி, மறுபடி காற்றடித்து, சக்கரத்தைப் படுக்கவைத்து ஆட்டினார். ஓரங்களில் நுரை கட்டியது. நிமிடங்களில் நின்றது.

அந்தப் பாலின் நெடி எனக்குத் தெரியும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் அடிக்கிற அமோனியா நெடி. பால்வெட்டுகிறவர்கள் இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பட்டையைக் கீறிப் போவார்கள். வடிந்த பால் உறையாமல் இருக்க அமோனியா கலப்பார்கள். காயம் பட்ட இடத்தில் கசிந்து உறைவது ரப்பர் பாலின் குணம். சைக்கிள் சக்கரத்துக்குள் நடப்பதும் அதுதான். இந்த வகைப் பாட்டில்கள் பலவற்றில் இயற்கை ரப்பர் பால்தான் மூலப்பொருள். மரத்தடியில் அதற்குக் கிடைக்கும் விலைக்கும், கடல் தாண்டி வந்து பெயர் ஒட்டிய பாட்டிலின் விலைக்கும் பல மடங்கு வித்தியாசம். வெட்டியவருக்கு அதில் எதுவும் வருவதில்லை.

ஊற்றுகிறவருக்கும் இதே கதைதான். நகரத்துப் பெரிய சைக்கிள் ஷோரூம்கள் சில, சக்கரங்களை ஆட்டோவில் போட்டு இவருக்கு அனுப்புகின்றன. டேப் ஒட்டி, பால் ஊற்றி, துடைத்துத் திருப்பி அனுப்புகிறார். அங்கே குளிர்சாதன அறையில் பில் போடுகிறார்கள். வாடிக்கையாளர் கொடுப்பதில் நான்கில் ஒரு பங்குகூடத் தனக்கு வருவதில்லை என்கிறார். சுருக்கமில்லாமல் டேப் இழுக்கத் தெரிந்த கட்டைவிரல் அந்த ஷோரூமில் ஒருவருக்கும் கிடையாது. இருந்தும் பில்லில் அதன் தலைப்பு ‘எங்கள் நிபுணர்களின் சேவை’. ஒரு தொழிலாளியின் கையை விற்றுக்கொண்டு அவர் இருப்பதையே மறைப்பது வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடியதல்ல, அது திருட்டு. வாங்குகிற நாமும் இதில் கூட்டு. பாட்டிலுக்கும் டேப்புக்கும் கேட்ட விலையை இணையத்தில் வாய் பேசாமல் கட்டிவிட்டு, குனிந்து உட்கார்ந்து வேலை செய்தவரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். முள்ளெல்லாம் தானாக அடைபட்டுவிட்டால் பஞ்சர் வரும்படியும் அவருக்குக் குறைகிறது. தன் வரும்படியைக் குறைக்கும் வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்கிற மனிதருக்கு, அந்த வேலையின் முழுக்கூலியாவது போய்ச் சேர வேண்டாமா?

ஷோரூம் பற்றிப் பேசும்போது அவர் குரல் உயரவில்லை. அவர்கள் அனுப்பாவிட்டால் கார்பன் சக்கரம் தன் கைக்கே வந்திருக்காது என்றார். ஆனால் நண்பரின் முன்சக்கரத்தைப் பூட்டிவிட்டு, மிச்ச டேப்பில் ஒரு துண்டு கிழித்து, அன்றைய தேதியை எழுதிச் சட்டத்தில் ஒட்டியபடி சொன்னார்:

“இன்னைக்கு ராத்திரி சுவத்துல சாய்ச்சு வெக்காதீங்க, படுக்க வெச்சு ஒருதடவை திருப்பிப் போடுங்க. காலைல காத்து கொஞ்சம் குறைஞ்சிருந்தா அடிச்சுக்கலாம், பயமில்ல. மூணு மாசத்துல பால் காஞ்சு தோலாட்டம் ஆயிரும், வெயில் காலத்துல ரெண்டே மாசந்தான். உரிச்சு எடுத்துட்டு வேற ஊத்தித் தர்றேன். ஷோரூமுல குடுக்காதீங்க, நேரா இங்கயே கொண்டு வந்துருங்க.”