ரெண்டாம் நம்பர் ஜாய்ஸ்டிக்

எங்கள் ஆபீஸ் லிஃப்ட்டில் கதவை மூடுவதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. பதினோரு வருஷமாக அமுக்குகிறேன். அதற்காக ஒருநாள்கூடக் கதவு மூடியதில்லை. அதுவாக மனசு வந்தால் மூடிக்கொள்ளும். மேலே போனால் மானேஜர். அவரும் அதே ரகம். லீவு லெட்டரை நீட்டினால், ''பார்க்கலாம்'' என்பார். பார்த்துக்கொண்டே இருப்பார்.

இப்படி அமுக்கி அமுக்கி அலுத்துப்போன என் கட்டைவிரலுக்கு, உடனுக்குடன் மரியாதையாகப் பதில் சொன்ன பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். வீடியோ கேம் ஜாய்ஸ்டிக்!

நாற்பதைத் தாண்டினவன் பேசுகிற பேச்சா இது என்று சிரிக்காதீர்கள். கதை 1994-ல் ஆரம்பிக்கிறது.

அப்போது நான் எட்டாவது. தம்பி நாலாவது. திருச்சி உறையூரில் வாடகை வீடு. ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போன அப்பா, பர்மா பஜாரில் தொண்டை வறளப் பேரம் பேசி ஒரு டி.வி. கேம் பெட்டி வாங்கி வந்தார். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' பெட்டியின் நகல் அது என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது. ரெண்டு பக்கமும் ஒயரில் ஒவ்வொரு ஜாய்ஸ்டிக். சோப்பு டப்பா மாதிரித் தட்டையாக இருக்கும். இதில் 'ஸ்டிக்' எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை.

இடது கட்டைவிரலுக்குக் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன். அதை யோசித்த புண்ணியவான் பெயர் கும்பெய் யோகோய். 1982-ல் 'டாங்கி காங்' ஆட்டத்தை மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளும் சைஸுக்குச் சுருக்கினபோது இதை வைத்தார். குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் பெட்டியை எப்படி மடக்குவது? பட்டனின் நடுவில் ஒரு முட்டு இருக்கும். ஒரு பக்கம் அமுங்கினால் எதிர்ப்பக்கம் தராசு மாதிரி எழும்பும். அதனால் இடமும் வலமும் ஒரே நேரத்தில் அமுங்காது. குனிந்து பார்க்காமலே விரலுக்குத் திசை தெரியும்.

வலது பக்கம் 'ஏ', 'பி' என்று ரெண்டு பட்டன். அடியில் ரப்பர் குமிழ், அதன் வயிற்றில் ஒரு கரிப்பொட்டு. அமுக்கும்போது குமிழ் முதலில் கொஞ்சம் முறைக்கும். அப்புறம் சட்டென்று மடங்கும். கரிப்பொட்டு போர்டைத் தொட்டதும் டி.வி.யில் ஆள் குதிப்பான். விட்டதும் குமிழ் எழும்பி விரலை மேலே தள்ளும். முறைத்து, மடங்கி, எழும்புகிற அந்த ஒரு நொடியில்தான் சுகமே இருக்கிறது. இன்றைய செல்போன் கண்ணாடியில் அது கிடையாது. அங்கே குத்தினாலும் தடவினாலும் ஒன்றுதான்.

எங்கள் உயிர்நாடி 'கான்ட்ரா'. நீலக் கால்சட்டைக்காரன் நான். சிவப்புக் கால்சட்டை தம்பி. ஒண்ணாம் நம்பர் ஜாய்ஸ்டிக் எனக்கு. அண்ணன் என்றால் சும்மாவா? ரெண்டாம் நம்பரில் 'ஸ்டார்ட்' பட்டனே கிடையாது. நான் மனசு வைத்தால்தான் அவனுக்கு ஆட்டம்.

மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. இந்த வரிசையில் அமுக்கினால் முப்பது உயிர்! கோனாமி கம்பெனியில் கஸுஹிஸா ஹாஷிமோட்டோ என்பவர், 1986-ல் 'கிரேடியஸ்' ஆட்டத்தைச் சோதிக்கும்போது தன்னாலேயே தாக்குப்பிடிக்க முடியாமல் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி இது. பதிமூணாம் வாய்ப்பாடு எனக்கு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. ஏனென்றால் இது மூளையில் இல்லை, கட்டைவிரலில் இருக்கிறது.

இனிமேல்தான் நான் சொல்லக் கூசும் விஷயம்.

ஒருநாள் தம்பி டியூஷன் போயிருந்தான். தனியாக ஆடி, மூணாவது ஸ்டேஜ் அருவியில் முப்பது உயிரையும் விட்டேன். ஆத்திரத்தில் பக்கத்தில் கிடந்த ரெண்டாம் நம்பரை எடுத்துச் சுவரில் வீசினேன். (என்னுடையதை வீசவில்லை. கோபத்திலும் நிதானம்!) அன்றிலிருந்து அதன் 'ஏ' பட்டன் மூணு தடவை அமுக்கினால் ஒரு தடவைதான் வேலை செய்தது. 'ஏ' என்றால் குதிப்பது. ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அருவி ஸ்டேஜில் பாறை பாறையாகத் தாவி மேலே போகவேண்டும். ஒருவன் ஏற ஏறத் திரையும் ஏறும். கீழே தங்கினவன் செத்தான். தம்பி தினமும் தங்கினான். தினமும் செத்தான்.

''குதிடா!''

''அமுக்குறேண்ணே... குதிக்க மாட்டேங்குது.''

''உனக்கு விரல்ல வேகம் இல்லடா.''

சொன்னேன் சார். வாய் கூசாமல் சொன்னேன். ஒருநாள் ராத்திரி அவன் அம்மாவிடம், ''எனக்கு மட்டும் ஏம்மா கை மெதுவா இருக்கு?'' என்று கேட்டது என் காதில் விழுந்தது. அப்போதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அப்புறம் எத்தனையோ பார்த்தாகிவிட்டது. 1990-ல் வந்த சூப்பர் ஃபேமிகாம், ஆள்காட்டி விரல்களுக்கும் தோள்பட்டையில் ரெண்டு பட்டன் வைத்து வேலை கொடுத்தது. சோனியின் டூயல்ஷாக் 1997-ல் வந்தது. அடிபட்டால் கைக்குள்ளேயே அதிரும். பட்டன்களில் எழுத்துக்குப் பதில் முக்கோணம், சதுரம், வட்டம், பெருக்கல். வடிவமைத்த தெய்யூ கோட்டோவின் கணக்கில் வட்டம் என்றால் 'சரி', பெருக்கல் என்றால் 'வேண்டாம்'. எல்லாமே கைக்கு வாகுதான். ஆனால் எதைப் பிடித்தாலும் கட்டைவிரல் முதலில் 'குதி' பட்டனைத்தான் தேடும். தேடும்போதெல்லாம் தம்பி ஞாபகம் வரும்.

2024 தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். பரணில் பலகாரத் தூக்கைத் தேடப் போய், பழைய பெட்டியை இறக்கிவிட்டான். ஸ்க்ரூ டிரைவரால் ரெண்டாம் நம்பரைத் திறந்தோம். 'ஏ' பட்டனுக்கு நேராகப் போர்டில் மயிரிழை விரிசல்.

எச்சில் விழுங்கி, ''டேய்... அது வந்து... நான்தான்...'' என்றேன்.

''தெரியும்ணே.''

''எப்போலேர்ந்துடா?''

''நாலு மாசம் நம்பினேன், என் கைதான் மோசம்னு. அப்புறம் ஒருநாள் காய்ச்சல்னு ஸ்கூலுக்கு மட்டம் போட்டேன். நீ இல்லாதப்ப உன்னோடதை எடுத்து ஆடினேன். அருவியைத் தாண்டிட்டேன்.''

''அன்னிக்கே சட்டையைப் பிடிச்சிருக்கலாமே?''

''சண்டை போட்டா என்னைச் சேத்துக்க மாட்டியே. அப்புறம் யாரோட ஆடுறது?''

எனக்குப் பேச்சு வரவில்லை. ஸ்க்ரூவைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் அவன் மகனுடைய புதுப் பெட்டியை டி.வி.யில் மாட்டினோம். ரெண்டு ஜாய்ஸ்டிக். நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, தம்பி என்னிடம் நீட்டினான். ஆட்டம் ஆரம்பித்த ரெண்டாவது நிமிஷமே பள்ளத்தில் விழுந்தேன்.

''அமுக்கினேண்டா... குதிக்கலை!''

தம்பி டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

''உனக்கு விரல்ல வேகம் இல்லண்ணே.''