ஒன்பது மணிப் பூட்டு

தெப்ராவ் தாமான் ஒன்றில் மூலைக்கடை. ரொட்டி சானாய்க்கு மாவு விசிறி அடிக்கும் சத்தம். பக்கத்து மேசையில் ஒரு பாட்டியும் பத்து வயதுப் பேரனும். பாட்டியின் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கிறது. பேரன் கைப்பேசியில் கட்டடம் கட்டுகிறான்.

அதற்கடுத்த மேசையில், குழம்புக் கிண்ணத்தில் சாய்த்து வைத்த திரையைப் பார்த்தபடியே வாய் திறக்கிறது ஒரு கைக்குழந்தை. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று 2019இல் சொன்னது உலகச் சுகாதார நிறுவனம். இந்தக் குழந்தைக்கு அந்த வயதுகூட இராது. ஆனால், தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் ஊட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மணி ஒன்பது. பேரனின் திரை பூட்டிக்கொண்டது.

"அம்மா பூட்டிட்டாங்க பாட்டி! இன்னும் பஸ்ஸுலதானே இருக்காங்க?"

"கோஸ்வே ஜாமாம். வரட்டும்."

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்க 1924இல் திறந்த அந்தப் பாதையின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்புகிறவர்களுக்கு அதில் எத்தனை இரவுகள் கரைகின்றன! ஃபேமிலி லிங்க் செயலி இருந்தால் நீரிணைக்கு அப்பாலிருந்தே பிள்ளையின் கைப்பேசியைப் பூட்டலாம், எந்தச் செயலி வேண்டும் வேண்டாம் என்று தீர்மானிக்கலாம். அந்தத் தாய் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறார்.

பாட்டி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவ்ளோ நேரம் யாருகூடய்யா பேசிட்டிருந்த?"

"கூட்டாளி. கேம்ல."

"எந்த ஸ்கூலு?"

"தெரியல."

"பேரு?"

பாதி எழுத்தும் பாதி எண்ணுமாக ஏதோ சொன்னான்.

"பேரு ஊரு தெரியாதவன் எப்படிய்யா கூட்டாளி?" குரலில் துளியும் கோபமில்லை.

2026 ஜனவரி 1 முதல் மலேசியாவில் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்றும் அரசு அறிவித்திருக்கிறது. இரண்டும் வேண்டியவையே. ஆனால், பாட்டி கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்க மட்டும் யாராவது அருகில் இருந்தாக வேண்டும்.

கைப்பேசி அடித்தது. பூட்டியிருந்தாலும் வருகிற அழைப்பை எடுக்க முடியும். எடுத்தவன் பாட்டியைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

"ம்மா... கேம்ல ஒரு ஆளு என் போட்டோ கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் அனுப்பல."

மறுமுனையில் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. பாட்டி கைப்பேசியை வாங்கினார்.

"பிள்ளைய ஏசாத. அவனே சொல்லிட்டான்ல. நீ வந்து அவன்கூட உக்காந்து அதத் தொறந்து பாரு, நாங்க முழிச்சிட்டுத்தான் இருப்போம்."