அணை உடைஞ்சிருச்சாம்!

எனக்கு மதுரையில் ஆபீஸ். சொந்த ஊர் ஏரல். அம்மா அங்கே தனியாக. இவ்வளவுதான் என் ஜாதகம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் காலையிலிருந்தே அடைமழை. ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவிடம் பேசியதோடு சரி. அப்புறம் எப்போது போட்டாலும், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு பெண்மணி சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஆபீஸில் நான் ஃபைலைப் பார்க்கவில்லை, செல்போனைத்தான் பார்த்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை! மதுரையில் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட ஜாஸ்தி. திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நிற்கிறது. அதற்கு அப்பால் ஜல்லியெல்லாம் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்குகிறது. நான் ஒப்பித்த வேகத்தைப் பார்த்து, பக்கத்து சீட்காரர் என்னை 'வானிலை ரமணன்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் தெரிந்தது ஸார். அம்மா மாடிக்கு ஏறினாளா என்பது மட்டும் தெரியவில்லை.

கேமரா போக முடிந்த இடம்தான் செய்தியில் வரும். ஏரலுக்குப் போகிற ரோடு தண்ணீரில்; ஆற்றுப் பாலமே சேதம். கரண்ட் இல்லை, டவர் இல்லை. ரொம்ப அடிபட்ட ஊரிலிருந்துதான் ஒரு சத்தமும் வராது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ராத்திரி பதினொரு மணி. வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ. யாரோ ஒருத்தர் மூச்சிரைக்க, "பாபநாசம் அணை உடைஞ்சிருச்சாம்! எல்லாரும் மேல ஏறுங்க!" என்கிறார். யார், எங்கிருந்து, எப்போது... ஒன்றும் கிடையாது. கை சும்மா இருந்ததா? குடும்ப குரூப்பில் தட்டிவிட்டேன். கூடவே, 'உடனே ஷேர் செய்யவும்' என்று என் கைங்கரியம் வேறு.

பாளையங்கோட்டையில் என் அத்தை. எழுபது வயசு. அவர்கள் தெருவில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. என் ஆடியோவைக் கேட்டுவிட்டு, இருட்டில், பேத்தியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறாள். ஈரப் படி. வழுக்கிவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தைக்கு மணிக்கட்டு முறிந்து, ஒன்றரை மாசம் மாவுக்கட்டு.

அணை உடையவே இல்லை. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பிற்பாடு பார்க்கப் போனபோது அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "படிச்சவன், பெரிய ஆபீஸ்ல இருக்கான், அவனே அனுப்பினா சரியாத்தான இருக்கும்னு ஏறினேன்யா" என்றாள்.

ஆடியோவில் பேசினவரை அத்தைக்குத் தெரியாது. என்னைத் தெரியும். அவள் நம்பியது என்னை!

இப்போதெல்லாம் எது வந்தாலும் மூன்று கேள்வி: எந்த ஊர்? என்றைக்கு எடுத்தது? சொல்வது யார்? கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு, அணையின் நீர்மட்டம், வானிலை மையம் தருகிற மழை அளவு – இவை மூச்சிரைக்காது, கேட்க சுவாரஸ்யமும் இருக்காது. ஆனால் யார் கையையும் முறிக்காது.

அம்மாவா? புதன்கிழமை சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். அம்மாதான்! இரண்டு நாள் எதிர்வீட்டு மாடியில் இருந்திருக்கிறாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அவள்தான் கேட்டாள்:

"அங்கயும் மழையாமே? வெளிய தெருவ அலையாம பத்திரமா இருய்யா. சாப்பிட்டியா?"