நான் பார்க்காத நூறு பேர்

மண்டகப்பட்டுக்கு ஒரு முறைகூடப் போகாமல் மண்டகப்பட்டைப் பற்றி ஒரு ஆய்வேடு எழுதினேன். காசுக்கு எழுதினேன். வேறொரு மாணவன் பெயரில் அது ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறை அலமாரியில் ஏறியது. அதனால் இன்னொரு பெண்ணின் படிப்பு கெட்டது. நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

அப்போது விழுப்புரத்தில் ஒரு டிடிபி கடை வைத்திருந்தேன். எம்.ஏ. வரலாறு படித்தவன். டைப் அடிக்க வந்த பிள்ளைகள், "அண்ணா, நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் அசைன்மென்ட். பிறகு செமினார் பேப்பர். பிறகு முழு புராஜெக்ட். வரலாறு மட்டும் இல்லை. சமூகவியல், பொருளியல், அரசியல் அறிவியல், சமூகப்பணி, எது வந்தாலும் எழுதினேன். அலமாரியில் பழைய ஏடுகளின் நகல்கள் இருந்தன. தாலுகா பெயரை மாற்றுவேன். தலைப்பைத் திருப்பிப் போடுவேன். கள ஆய்வு வேண்டுமென்றால் நூறு பேர் தயாராக இருந்தார்கள், என் கம்ப்யூட்டருக்குள். பொருளியலில் அவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். சமூகவியலில் பிள்ளைகள் கைவிட்ட முதியோர். அரசியலில் உள்ளாட்சித் தேர்தல் வாக்காளர்கள். கேட்ட பாடத்துக்கெல்லாம் அதே நூறு பேர் அலுக்காமல் பதில் சொன்னார்கள்.

வறுமையால் செய்தேன் என்று சொல்லலாம். அது பொய். டைப்பிங்கிலேயே வயிறு நிறைந்தது. உண்மைக் காரணம் கர்வம். ஆசிரியர் தேர்வில் தேறாதவன் எழுதியதற்குப் பேராசிரியர்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். அந்தச் செய்தியோடு ஒரு பையன் இனிப்பு வாங்கி வருவான். எனக்கு அது போதையாக இருந்தது. ஒரே ராத்திரியில் எந்தப் பாடத்தையும் எழுதுவேன் என்று பெருமையடித்துக்கொண்டேன். எழுதினேன்தான். ஒரு பாடத்தையும் படிக்கவில்லை.

மண்டகப்பட்டு விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கம், சுமார் 20 கிலோமீட்டர். பஸ் ஏறினால் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நான் ஏறவில்லை. அங்கே இருப்பது மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) செய்வித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. வடமொழிக் கல்வெட்டு, கிரந்த எழுத்து. முகப்பின் இரு கோடியிலும் வாயிற்காவலர் சிற்பங்கள். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். மூன்றும் காலி.

காலி என்பது எனக்குத் தெரியாது. மூவருக்கான கோயில் என்று படித்திருந்தேன். ஆகவே மூன்று சிலைகளை வைத்தேன். தினசரி பூஜையும் நடத்தினேன். கல்வெட்டைத் தமிழ்க் கல்வெட்டு என்றேன். நான்காம் அத்தியாயத்தில், கோயிலால் ஊருக்கு வருமானம் உண்டா என்று நூறு பேரைக் கேட்டதாக எழுதினேன். 72 சதவீதம் 'ஆம்' என்றார்களாம். எழுபது என்று போட்டால் பூஜ்யத்தில் முடியும், சந்தேகம் வரும். அதனால் 72. 'இல்லை' என்பதற்கு 19. கூட்டினால் ஒன்பது குறைந்தது. அதைக் 'கருத்து இல்லை' என்ற வரியில் தள்ளினேன். ரெக்சின் பைண்டிங், தங்க எழுத்து. கைடு கையெழுத்துப் போட்டார். பையன் தேறினான்.

சில வருடம் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். மண்டகப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரி. வீட்டில் முதல் பட்டதாரி. கோடு போட்ட நோட்டில் கையால் எழுதிய பக்கங்களைக் கொடுத்து, "இதை டைப் பண்ணணும்ண்ணா" என்றாள். புரட்டிப் பார்த்தேன். வீடு வீடாகப் போயிருக்கிறாள். யார், என்ன வயது, என்ன வேலை, என்ன சொன்னார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தாள். ஒரு பாட்டி சொன்னதை அப்படியே குறித்திருந்தாள்: "காருல வராங்க, போட்டோ புடிக்கிறாங்க, காருலயே போயிடறாங்க. ஒரு டீகூட நம்ம ஊர்ல குடிக்கிறதில்ல." அவள் கேட்டவர்களில் பெரும்பாலோர் கோயிலால் வருமானம் ஏதும் இல்லை என்றிருந்தார்கள்.

"கைடு ஒத்துக்கலண்ணா" என்றாள். "முன்னாடியே ஒரு புராஜெக்ட் இருக்காம். அதுல 72 சதவீதம் ஆமான்னு இருக்கு, உன்னுது எப்படித் தலைகீழா இருக்கும்னு கேட்டார். சிலை, பூஜை பத்தி நீ ஒண்ணுமே எழுதலையேன்னு திட்டினார். நான் பார்த்தப்ப சிலையே இல்லண்ணா."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. 'அது பொய்யம்மா, நான் எழுதினது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயந்தேன். கல்லூரிக்குத் தெரிந்தால் ஒரு பிள்ளையும் கடைப்படி ஏறாது. போலீஸ்வரை போகுமோ என்றும் பயம். சும்மா இருந்திருந்தால்கூடப் பாதிக் குற்றம். நான் வாயைத் திறந்தேன். "அவரு சொல்றபடியே மாத்திடும்மா. மார்க்குதானே முக்கியம்" என்றேன். மாற்றியும் கொடுத்தேன். அவள் அலைந்து திரிந்து சேகரித்த எண்களை அழித்து, நான் உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்த எண்களுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி அடித்தேன். பாட்டியின் பேச்சை நீக்கி, மூன்று சிலைகளையும் பூஜையையும் சேர்த்தேன். டைப்பிங் காசையும் வாங்கிக்கொண்டேன்.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் மண்டகப்பட்டுக்குப் போனவர். கருவறையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றாள். உண்மையைச் சொன்னாள். "பின்னே ஏன் மூணு சிலைன்னு எழுதியிருக்க? இதை நீதான் எழுதினியா?" என்று கேட்டார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. எல்லார் முன்னாலும் அழுதாள் என்று அவள் வகுப்புப் பிள்ளைகள் கடையில் வந்து பேசினார்கள். நான் தலையைக் குனிந்து ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். மேலே படிக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பிறகு படிக்கவில்லை. ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள்.

கல்லூரிப் பிள்ளைகளின் வேலையில் என்ன பெரிதாக இருக்கிறது, யார் படிக்கப்போகிறார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டதுண்டு. பிறகுதான் இருவேல்பட்டு பற்றிப் படித்தேன். இதே மாவட்டத்து ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று கேட்டு எழுதச் சொன்னார். 1918-இல் அது புத்தகமானது. அதில் இருவேல்பட்டும் உண்டு. மாணவர் எழுதிய அந்தக் கணக்கை நம்பி 1930-களில் திரும்ப ஆய்வு செய்தார்கள். 1981-இல் ஆய்வாளர்கள் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் போனார்கள். ஒரு ஊரில் நிலமும் சாதியும் கூலியும் ஏறத்தாழ நூறு வருடத்தில் எப்படி மாறின என்று இன்று பேச முடிவதற்கு அடி, 1916-இல் பொய் எழுதாமல் வந்த ஒரு மாணவர் கணக்கு. என் கடைக்கு வந்த பெண்ணின் நோட்டும் அந்த ஜாதி. அதைத்தான் நான் அழித்தேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் திருட்டு எழுத்துக்கு விதி கொண்டுவந்தது. பத்து சதவீதம்வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. என் மண்டகப்பட்டு ஏட்டின் நான்காம் அத்தியாயத்தை அந்தச் சோதனையில் விட்டால் சுத்தமாகத் தேறும். யாரிடமிருந்தும் திருடவில்லையே. எல்லாம் சொந்தக் கற்பனை.

கடையை மூடிவிட்டேன். மனசாட்சியால் என்று நினைத்துவிடாதீர்கள். வியாபாரம் படுத்தது. அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடிப்பிடித்து இப்போதுதான் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ஏடு இன்னும் அங்கேயேதான் இருக்காண்ணா?" என்று மட்டும் கேட்டாள். இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்றேன். "எழுதுங்க. என் பேரு வேணாம்" என்றாள்.

ஏடு அங்கேயேதான் இருக்கிறது. கல்லூரிக்குப் போய்த் துறைத் தலைவரிடம் ஒப்புக்கொண்டேன். எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டில் ஏறியதை எடுக்க நடைமுறை இல்லை என்றார். அதனால் உங்களிடம் கேட்கிறேன். மண்டகப்பட்டைப் பற்றிப் படிக்கும் மாணவர்களே, கருவறையில் மூன்று சிலைகள், தினசரி பூஜை, நூறு பேரில் 72 சதவீதம் என்று ஒரு ஏட்டில் கண்டால் அதை மேற்கோள் காட்டாதீர்கள். உங்கள் கைடு காட்டினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். செஞ்சி பக்கம் போகிற பஸ் ஏறி, நீங்களே போய்ப் பாருங்கள்.