ஒரு 'ஸ்' படுத்தும் பாடு

ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாரம் இரண்டு மாலை பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகூட 'மை மதர் டேப் ரப்பர்' என்றுதான் எழுதுகிறது. 'டேப்ஸ்' என்று திருத்தினால் மறுவாரம் 'ஐ டேப்ஸ்' என்று எழுதிக்கொண்டு வரும். எங்கேயோ ஒரு 'ஸ்' போட வேண்டும் என்பது மட்டும் மனத்தில் தங்கியிருக்கிறது, பாவம்.

'ஹீ, ஷீ, இட் வந்தால் ஸ்' என்று மனப்பாடம் செய்யாத பிள்ளை இல்லை. எழுதும்போது மலாய்ப் பழக்கம் வந்துவிடுகிறது. 'சாயா மாக்கான்', 'டியா மாக்கான்': யார் சாப்பிட்டாலும் மலாயில் வினைச்சொல் அசையாது. நம் தமிழ் அப்படியா? நான் போகிறேன், தம்பி போகிறான், தங்கை போகிறாள், அம்மா போகிறார், மாடு போகிறது. ஆளுக்கு ஒரு வால்! இதில் எந்தப் பிள்ளையும் தவறுவதில்லை. ஆங்கிலத்திலும் முன்பு இப்படிச் சில வால்கள் இருந்தன. உதிர்ந்தவை போக நிகழ்காலத்தில் மிஞ்சியது இந்த 'ஸ்' ஒன்றுதான். அம்மாவுக்கும் மாட்டுக்கும் ஒரே வாலா என்று வகுப்பே சிரித்தது. சிரித்தபின் மறக்கவில்லை.

'கோ' 'கோஸ்' ஆவதும், 'ஹேவ்' 'ஹேஸ்' ஆவதும் ஒரு மாலைப் பாடம். கேள்விதான் வம்பு. 'டஸ் ஷீ டேப்ஸ்?' என்பார்கள். ஒரு மரத்துக்கு ஒரு மங்குதானே? 'டஸ்' அந்த 'ஸ்'ஸை வாங்கிக்கொண்டது, இனி 'டேப்' வெறுமனே நிற்கும் என்றேன்.

அதைவிடப் பெரிய சிக்கலைத் தமிழே கொண்டுவருகிறது. அன்றாட வழக்கத்தை நாம் எதிர்காலத்தில் சொல்வோம்: 'அம்மா விடியக்காலையில மரம் சீவப் போவாங்க.' பிள்ளை அதை அப்படியே 'வில் கோ' என்று எழுதும். 'சீவுறாங்க' என்று நினைத்தால் 'இஸ் டேப்பிங்' வரும். ஒரு பையன் அப்படி எழுதிய நேரம், அவன் அம்மா வீட்டு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்! தினமும் நடப்பதா, இந்த நிமிடம் நடப்பதா என்று கேட்கப் பழக்கினால் பாதி வேலை முடிந்தது.

இது வெறும் மதிப்பெண் சங்கதி அல்ல. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது, 'வாட்டர் பாய்ல்ஸ்' என்பது போன்ற வாக்கியங்கள்தாம் புத்தகம் முழுக்க. அந்தத் திட்டம் போய்விட்டது. இடைநிலைப்பள்ளியில் வாய் திறக்கக் கூசும் தோட்டத்துப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு சிறுமி தன் பாட்டியைப் பற்றி எழுதினாள். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதோடு பாட்டிக்கு வேலை நின்றது. 'ஷீ டஸ் நாட் டேப் நவ்' என்று பிழையில்லாமல் எழுதி, அடுத்த வரியில் நிறுத்தி யோசித்தாள்.

"பாட்டி இன்னும் நாலு மணிக்கு எழுந்திருச்சிடுவாங்க, டீச்சர். அதுக்கு 'வில்' வேணாம்தானே?"

'ஷீ வேக்ஸ் அப் அட் ஃபோர்' என்று அவளே எழுதினாள்.