காப்பு அவிழ்க்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க

 

போன வருஷம் திருவிழாவுக்கு அப்புறம் பலர் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. "அன்னதானத்துல அக்காவைக் காணோமே, உடம்பு எப்படி இருக்கு?" அப்பல்லாம் "பரவாயில்ல, அம்மா பார்த்துக்குவாங்க"ன்னு சொல்லி நழுவிட்டோம். உண்மையைச் சொல்ல எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு. இப்ப வீட்டம்மாவே சொல்லிட்டாங்க: "எழுதிப் போடுங்க. இன்னொரு வீட்டுல இப்படி நடக்கக் கூடாது." அதனாலதான் எழுதுறோம். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

வீட்டம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்னு உங்கள்ல பலருக்குத் தெரியும். ஆபரேஷன் முடிஞ்சு கீமோ ஏத்திக்கிட்டு இருந்தாங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு. மூணாவது முடிஞ்ச நேரத்துல திருவிழா வந்துச்சு. நாங்க வழக்கம் போல வெள்ளிக்கிழமை காப்பு கட்டிக்கிட்டோம். ஃபேக்டரியில லீவு போட்டாச்சு. கோயில்லயே படுக்கை, தோட்டத்து எல்லையைத் தாண்டுறதில்ல. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தீமிதி.

நடுவுல திங்கட்கிழமை வீட்டம்மா போன் பண்ணி, வலது பக்கம் முதுகு எரியுதுன்னு சொன்னாங்க. வாய்வா இருக்கும்னு கோடாலித் தைலம் தடவச் சொன்னோம். செவ்வாய், புதன் ரெண்டு நாளும் அதே எரிச்சல். வியாழக்கிழமை காலையில குளிக்கும்போது கையில பொடிப் பொடியா தட்டுப்பட்டிருக்கு. சாயங்காலம் கோயிலுக்கு வந்து, சமையல் கொட்டகைக்குப் பின்னால நின்னு முதுகைக் காட்டினாங்க. முதுகெலும்புல இருந்து விலா வழியா மார்புக்குக் கீழ வரைக்கும் ஒரு பட்டை. சிவப்பா, மேல சின்னச் சின்ன நீர்க்கொப்புளம்.

பார்த்தவுடனே நாங்க கையெடுத்துக் கும்பிட்டோம். "அம்மா பார்த்துட்டுப் போக வந்திருக்காங்க. மஞ்சளும் வேப்பிலையும் வை. ஞாயிறு தீமிதி முடியட்டும், காப்பு அவிழ்த்துட்டு திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" அப்படின்னோம். அவங்க ஒண்ணும் பேசல. துண்டைப் போர்த்திக்கிட்டுப் போயிட்டாங்க.

வெள்ளிக்கிழமை, விவரம் தெரிஞ்ச ஒரு பெரியவர் "இது அம்மை இல்லப்பா, அக்கி" அப்படின்னார். தமிழ்நாட்டுல குயவர் வீட்டுக்குப் போய், காவி மண் குழைச்சு அக்கி எழுதிக்குவாங்கன்னு எங்க பாட்டி சொல்லக் கேட்டிருக்கோம். அவரும் நல்ல மனசோட வீட்டுக்குப் போய் காவி பூசிவிட்டார். அவர் மேல எங்களுக்கு எந்த வருத்தமும் இல்ல. புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கிட்டு இருக்கிற உடம்புன்னு யோசிச்சிருக்க வேண்டியது நாங்கதான்.

ஞாயிறு ராத்திரி தீமிதி முடிஞ்சு சாம்பல் கூட ஆறல. நீலாயில வேலை பார்க்கிற எங்க மகள் வீட்டுக்கு வந்து பார்த்துட்டு போன் பண்ணுனா. "அப்பா, ஃபிரிட்ஜ் மேல ஆஸ்பத்திரி அட்டை ஒட்டியிருக்கே, அதைப் படிச்சீங்களா?" 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், புதுசா தடிப்பு, கொப்புளம், எது வந்தாலும் அன்னைக்கே வரணும்னு அதுல எழுதியிருக்கு. மூணு மாசமா அங்கதான் இருந்துச்சு. தண்ணி எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணுல பட்ட அட்டைதான்.

ராத்திரி பத்து மணிக்கு எமர்ஜென்சிக்குக் கொண்டு போனோம். டாக்டர் முதல்ல கேட்டது, "கொப்புளம் எப்ப வந்துச்சு?" வியாழன் காலையிலன்னு சொன்னோம். அவர் விரல் விட்டு எண்ணினார். இந்த நோய்க்கு வைரஸ் மருந்து இருக்கு, பேரு அசைக்ளோவிர், கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா வேலை செய்யும்னார். நாங்க அந்த 72 மணி நேரத்தைத் தாண்டிட்டோம். ஆனாலும் கீமோ எடுக்கிறவங்க, புதுக் கொப்புளமும் வந்துக்கிட்டு இருக்கு, அதனால கட்டாயம் மருந்து கொடுக்கணும்னு தனி அறையில சேர்த்து, ஊசி வழியா மருந்து ஏத்தினாங்க.

அங்க இருந்த நாள்ல டாக்டர்கிட்டயும் மிஸ்ஸிகிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கும் சொல்றோம்.

சின்ன வயசுல நமக்குத் தண்ணியம்மை வந்திருக்கும். லயத்துல ஒரு வீட்டுல வந்தா ஆயாக்கொட்டகை முழுக்க பரவும். வேப்பிலைப் படுக்கை, இளநீர், மூணாவது தண்ணி ஊத்தி அம்மாவை வழியனுப்புறது எல்லாம் நம்ம வயசுக்காரங்களுக்கு மறக்காது. ஆனா அந்த வைரஸ் முழுசா வெளியே போறதில்லையாம். முதுகெலும்பு ஓரமா நரம்பு வேர்ல போய்ப் படுத்துக்குது. நாற்பது, ஐம்பது வருஷம் சத்தமில்லாம இருக்கும். வயசு ஏறினாலோ, கீமோ மாதிரி மருந்தால எதிர்ப்புச் சக்தி குறைஞ்சாலோ, எழுந்து அந்த ஒரு நரம்பு வழியாவே தோலுக்கு வருது. அதனாலதான் உடம்புல ஒரே பக்கம், ஒரே பட்டையா வருது. கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே எரிச்சல் வர்றதும் அதனாலதான்.

இதை 1965-ல தெளிவா எழுதி வெச்சவர் இங்கிலாந்துல ஒரு சின்ன ஊர்ல வைத்தியம் பார்த்த ஹோப் சிம்ப்சன்ங்கிற டாக்டர்னு மகள் படிச்சுக் காட்டினா. பெரிய ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் இல்லாம, தன்கிட்ட வந்த நோயாளிகளைப் பல வருஷம் நோட்டுல குறிச்சு வெச்சே கண்டுபிடிச்சிருக்கார். அசைக்ளோவிர் மருந்து வர்றதுக்குக் காரணமா இருந்தவங்கள்ல ஒருத்தர் கெர்ட்ரூட் எலியன்னு ஒரு அமெரிக்க அம்மா. தாத்தா புற்றுநோயில இறந்ததைப் பார்த்துத்தான் அந்தப் படிப்புக்கே போனாங்களாம். இரத்தப் புற்றுநோய்க்கும் மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க. 1988-ல நோபல் பரிசு வாங்கினாங்க. அதைக் கேட்டு வீட்டம்மா சொன்னாங்க, "அம்மா யார் கை வழியா வேணும்னாலும் வருவா, நாமதான் அடையாளம் தெரியாம இருந்துட்டோம்."

எங்க ஃபேக்டரி செனவாங்ல இருக்கு. அங்க மலாய்க்கார நண்பர் இதை 'காயாப்'னு சொன்னார். சீன நண்பர், அவங்க ஆளுங்க இதைப் பாம்புன்னு சொல்வாங்க, இடுப்பைச் சுத்தி தலையும் வாலும் முட்டினா உயிர் போயிடும்னு பயப்படுவாங்க அப்படின்னார். நம்ம பக்கத்துல ஒருத்தர் சர்ப்ப தோஷம்னார், இன்னொருத்தர் தீட்டோட கோயிலுக்கு வந்ததால அம்மன் கோவம்னார். டாக்டர்கிட்ட கேட்டோம். பாம்பும் இல்ல, பாவமும் இல்லன்னார். பொதுவா உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாது. எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைஞ்சவங்களுக்குத்தான் உடம்பு முழுக்கப் பரவி, நுரையீரல், மூளை வரைக்கும் போகிற ஆபத்து இருக்கு. அதுக்குத்தான் சீக்கிரம் வரச் சொல்றாங்க.

வீட்டம்மாவுக்குப் பரவல. அஞ்சு நாள்ல வீட்டுக்கு வந்தோம். கொப்புளம் காய்ஞ்சு பொருக்கு உதிர்ந்துச்சு. அடுத்த கீமோவை மட்டும் மூணு வாரம் தள்ளி வெச்சாங்க. அந்த மூணு வாரம் எங்களுக்குத் தூக்கமே இல்ல. கட்டி திரும்பி வந்திருமோன்னு ஒவ்வொரு நாளும் பயம். அக்கியால வந்த பயத்தை விட அது பெருசு.

தோல் ஆறினாலும் வலி போகல. அந்தப் பட்டையில துணி உரசினா நெருப்பு. ஃபேன் காத்து பட்டா கூட துடிப்பாங்க. பழைய பருத்திக் கைலியைத் தளர்வா சுத்திக்கிட்டு, காரில் சாயாம முன்னாடி குனிஞ்சு உட்காருவாங்க. சாதாரண வலி மாத்திரை கேட்கல. அப்புறம் நரம்பு வலிக்குன்னே தனி மாத்திரை, காபாபென்டின், கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக் கொடுத்தாங்க. தலை சுத்தும், தூக்கம் வரும். ஆனா அதுக்கப்புறம்தான் ராத்திரியில மூணு மணி நேரமாவது கண்ணை மூடினாங்க. ஈரத்துணியைப் பிழிஞ்சு போட்டா கொஞ்ச நேரம் இதமா இருக்கும். இப்படி அஞ்சு மாசம்.

ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிஞ்சு விடியக்காலம் வந்தோம். வீட்டம்மா இருட்டுல சாமி மேடை முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. "அம்மன் மேல கோவமா?"ன்னு கேட்டோம். "அம்மன் மேல எனக்கு என்ன கோவம்? கோவம் உங்க மேலதான். முதுகைக் காட்டினப்ப நீங்க கொப்புளத்தைக் கும்பிட்டீங்க. என் முகத்தைப் பார்க்கல."

பதில் சொல்ல முடியல. இருபத்தஞ்சு வருஷமா ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலை. மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலே உடனே நிறுத்தச் சொல்வோம். ஷிப்ட் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்னு ஒரு நாளும் விட்டதில்ல. வீட்டுல மட்டும் விட்டோம்.

அப்புறம் ஒரு நாள் மனசு கேட்காம எங்க பூசாரி ஐயாகிட்ட போய்க் கேட்டோம். "ஐயா, காப்பு கட்டினவன் நடுவுல ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" அவர் எங்களையே பார்த்துட்டுச் சொன்னார்: "காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில வெச்சுட்டுப் போயிருக்கலாமேப்பா. பெத்தவ தடுப்பாளா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." நாங்க கேட்கவே இல்ல. அதுதான் உண்மை. அம்மன் தடுக்கல, காப்பு தடுக்கல. தீமிதிக்கு நாம இல்லாம எப்படிங்கிற எங்க எண்ணம்தான் தடுத்துச்சு.

அதனால சொந்தங்களே, எங்க அனுபவத்துல இருந்து சில வார்த்தை.

கீமோ, கதிர்வீச்சு எடுக்கிறவங்க, கிட்னி மாத்தினவங்க, நாள்பட ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க வீட்டுல இருந்தா, உடம்புல ஒரு பக்கமா எரிச்சலும் கொப்புளமும் வந்த அன்னைக்கே போங்க. ஞாயிறோ, திருவிழாவோ, ராத்திரியோ பார்க்காதீங்க. கண்ணு பக்கம், நெத்தியில, மூக்கு நுனியில, காதுல வந்தா யாரா இருந்தாலும் உடனே போகணும், பார்வையும் காதும் பாதிக்கலாம். 72 மணி நேரம் தாண்டிருச்சுன்னு போகாம இருந்துடாதீங்க, எங்களுக்கு அதுக்கப்புறமும் மருந்து கொடுத்தாங்க.

வேப்பிலையைத் தலைமாட்டுல வைங்க, வாசல்ல கட்டுங்க, வேண்டிக்குங்க. உடைஞ்ச கொப்புளத்து மேல மட்டும் மஞ்சளோ, விபூதியோ, காவியோ, தைலமோ போடாதீங்க. சீழ் பிடிச்சிடும்.

அக்கி வந்தவங்களை ஒதுக்கி வைக்க வேண்டாம். அவங்ககிட்ட இருந்து இன்னொருத்தருக்கு அக்கி தொத்தாது. ஆனா கொப்புளத்து நீர் பட்டா, அம்மை வராதவங்களுக்குத் தண்ணியம்மை வரலாம். அதனால பொருக்கு தட்டுற வரைக்கும் கொப்புளத்தை மூடி வெச்சுக்கிட்டு, கர்ப்பிணிங்க, கைக்குழந்தைங்க, கீமோ எடுக்கிறவங்க பக்கத்துல போகாம இருந்தா போதும். எங்க சமையல் கொட்டகையிலயும் இந்த வருஷத்துல இருந்து அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கோம். தீட்டுக்காக இல்ல, வரிசையில நிற்கிற கர்ப்பிணிப் பெண்ணுக்காக.

அம்பது வயசு தாண்டினவங்களுக்கு இதுக்குத் தடுப்பூசி இருக்கு, ஷிங்ரிக்ஸ்னு பேரு, ரெண்டு ஊசி. விலை கூடுதல்தான். புற்றுநோய் சிகிச்சையில இருக்கிறவங்க எப்ப போடலாம்னு தங்களோட டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க.

வீட்டம்மா ஆறு கீமோவும் முடிச்சிட்டாங்க. இப்ப செக்அப்புக்குப் போய் வர்றாங்க. மழைக்காலத்துல முதுகுல ஒரு குத்தல் வரும், அவ்வளவுதான். இந்த ஆடிக்கு அவங்களே வந்து கூழ் ஊத்தினாங்க, பார்த்திருப்பீங்க.

காப்பு கட்டுறப்ப நாங்க கையை நீட்டினோம். பக்கத்துல நின்ன வீட்டம்மா சிரிச்சுக்கிட்டே பூசாரி ஐயாகிட்ட சொன்னாங்க: "ஐயா, முடிச்சைக் கொஞ்சம் லேசா போடுங்க."

லேசாத்தான் போட்டார்.

தாயே துணை. உங்க வீட்டுல யாராவது சிகிச்சையில இருந்தா அவங்களுக்கும் இதைப் படிச்சுக் காட்டுங்க.