கணக்குக் காட்டிய கார்

அப்பா விட்டுப்போன அம்பாஸிடர் எஸ்டேட் பெட்ரோலாய்க் குடித்தது. 1991-இல் பழைய டீஸல் எஞ்சின் ஒன்று வாங்கி, உத்திரமேரூர் வீட்டு வேப்பங்கிளையில் சங்கிலிக் கப்பியும் கட்டியாயிற்று.

"எஞ்சின் நம்பர் மாறினதை யார் பார்க்கப்போறா, அத்திம்பேர்?" என்றான் மைத்துனன்.

1988-ஆம் வருஷத்துச் சட்டம் முன் அனுமதி கேட்கிறது. அது கிடக்கட்டும். எங்களூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 921-லேயே வெட்டிவைத்திருக்கிறார்கள்: கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு ஆகான், அவன் மைத்துனனும் ஆகான்!

"கேட்டுக்கோடா" என்று சொல்லி, கப்பியை அவிழ்த்துவிட்டு மனு எழுதினேன்.

அனுமதி வந்தபிறகே எஞ்சின் ஏறியது. முதல் ஓட்டம் முடித்து வாசலில் நிறுத்தினேன். கண் மங்கிய அம்மா திண்ணையில் இருந்தாள்.

"யாரது?"

ஹார்னை அழுத்தினேன்.

"குரல் அவருடையதுதான்; இருமல்தான் புதுசு" என்றாள்.